நாற்காலியில் காத்திருந்த சாம்பியன்

ராத்திரி 12 மணி. மறுநாள் இன்டர்னல். ஒருத்தர் லேப்டாப்ல ஏதோ மேட்ச் ஓடுது. முதல்ல ஒருத்தர் எட்டிப் பார்ப்பார், அப்புறம் ரெண்டு பேர், கடைசியில ரூம் மொத்தமும் ஒரே கட்டில்ல உட்கார்ந்திருக்கும். ஹாஸ்டல்ல இருந்தாலும் சரி, ஆவடி, அம்பத்தூர் பக்கம் நாலு பேர் சேர்ந்து ரூம் எடுத்திருந்தாலும் சரி, உங்களுக்கு இது புதுசா இருக்காது.

எங்க ரூம்ல அப்படி ஒரு ராத்திரி ஓடினது 1996-இல் ஹாங்காங்கில் நடந்த ஒரு பூல் மேட்ச். அமெரிக்காவின் ஏர்ல் ஸ்ட்ரிக்லண்ட், பிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரேயஸ். யார் முதல்ல 120 ரேக் ஜெயிக்கிறாங்களோ அவங்களுக்கு 1 லட்சம் டாலர். தோற்றவருக்கு ஒண்ணும் கிடையாது. மூணு நாள் நடந்த ஆட்டம். ஒரு கட்டத்தில் ரேயஸ் 17 ரேக் பின்னால் இருந்தார். கடைசியில் 120–117 என்று ஜெயித்தார்.

மேட்ச் முடிஞ்சதும் சண்டை ஆரம்பிச்சது. இது ரேயஸோட கம்பேக் என்று ஒரு கட்சி. கம்பேக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல, ஸ்ட்ரிக்லண்ட் கையில இருந்ததை விட்டுட்டார் என்று இன்னொரு கட்சி. மூணாவது ஆள் 1985 உலக ஸ்னூக்கர் ஃபைனலைக் கொண்டு வந்தார். ஸ்டீவ் டேவிஸிடம் 0–8 என்று பின்தங்கிய டென்னிஸ் டெய்லர், 35 ஃப்ரேம் ஆட்டத்தின் கடைசி ஃப்ரேமில், கடைசி கறுப்புப் பந்தில் 18–17 என்று ஜெயித்த கதை. அந்த மேட்ச் முழுக்க டெய்லர் ஒரு தடவைகூட முன்னிலையில் இல்லை. அந்தக் கடைசிப் பந்து குழிக்குள் விழுந்த பிறகுதான் முன்னால் வந்தார்.

அப்புறம் ஒருத்தர் கேட்டார், நம்ம நாட்டுல இப்படி யாராவது இருக்காங்களா என்று. பங்கஜ் அத்வானி என்றோம். கீத் சேத்தி என்றோம். அதோடு நின்றுபோனது. இவங்க ரெண்டு பேருக்கும் முன்னாடியே இந்தியாவுக்கு உலகப் பட்டம் வாங்கிக் கொடுத்த ஒருத்தர் பெயர் யார் வாயிலும் வரலை. அவர் வில்சன் ஜோன்ஸ். தனிநபர் விளையாட்டில் உலக சாம்பியன் பட்டம் வென்ற முதல் இந்தியர் என்று சொல்லப்படுபவர். ஒரு காலத்தில் நாடே அறிந்த பெயர். 2003-இல் இறந்துவிட்டார். நம்மில் பலர் அப்போது பிறக்கவே இல்லை.

அவர் கதையைத்தான் சொல்லப்போறேன். கம்பேக் என்றால் என்ன என்ற எங்க சண்டைக்கு அவர் வாழ்க்கையில ஒரு பதில் இருக்கு.

முதல்ல அந்த நாற்காலி

பூல், ஸ்னூக்கர், பில்லியர்ட்ஸ் மூணுக்கும் பொதுவான ஒரு விஷயம் இருக்கு. எதிராளி ஆடும்போது நீங்க ஒண்ணுமே செய்ய முடியாது. கிரிக்கெட்டில் ஃபீல்டிங் உண்டு. டென்னிஸில் பந்தைத் திருப்பி அடிக்கலாம். செஸ்ஸில் ஒரு நகர்த்தலுக்கு ஒரு நகர்த்தல். இங்கே அப்படி இல்லை. அவர் தப்பு பண்ணும்வரை நீங்க ஒரு நாற்காலியில் க்யூவைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கணும். அவ்வளவுதான்.

எவ்வளவு நேரம்? 1932 ஜனவரியில் லண்டனில் ஆஸ்திரேலியாவின் வால்டர் லிண்ட்ரம் ஒரே பிரேக்கில், அதாவது ஒரு தடவைகூடத் தவறாமல், 4,137 புள்ளிகள் எடுத்தார். அதுக்குக் கிட்டத்தட்ட மூணு மணி நேரம் ஆச்சு. அந்த மூணு மணி நேரமும் நாற்காலியில் இருந்தவர் ஜோ டேவிஸ். அவர் சாதாரண ஆள் இல்லை. ஸ்னூக்கரில் 15 முறை உலக சாம்பியன். அவரே சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டியதாப் போச்சு.

வில்சன் ஜோன்ஸ் ஆடியது இந்த லிண்ட்ரம் ஆடிய இங்கிலீஷ் பில்லியர்ட்ஸ்தான். பூல் டேபிளைவிடப் பெரிய டேபிள், 12 அடிக்கு 6 அடி. பந்து மூணே மூணு: ரெண்டு ஆட்டக்காரர்களுக்கும் ஆளுக்கு ஒண்ணு, பொதுவா ஒரு சிவப்பு. உங்க பந்து மத்த ரெண்டு பந்தையும் தொட்டால் அது கேனன், 2 புள்ளி. சிவப்பைக் குழியில் போட்டால் 3. உங்க பந்து சிவப்பில் பட்டுக் குழிக்குள் போனால் அதுக்குப் பேர் இன்-ஆஃப், அதுவும் 3. எதிராளியின் பந்தை வைத்து இதைச் செய்தால் 2. பூல் ஆடிப் பழகினவங்களுக்கு இது தலைகீழாத் தெரியும். அங்கே க்யூ பால் குழிக்குள் போனால் ஃபவுல். இங்கே அதுக்குத்தான் மார்க்.

மெக்கானிக்ஸ் படிச்சவங்களுக்கு ஒரு சின்ன சந்தோஷம். பில்லியர்ட்ஸ்காரர்கள் உயிராக நம்பும் அடி ஹாஃப்-பால். உங்க பந்தின் மையம் எதிர்ப் பந்தின் விளிம்பை நோக்கிப் போகணும். மோதும் நொடியில் ரெண்டு மையங்களுக்கும் இடையே ஒரு விட்டம் தூரம், பக்கவாட்டில் விலகல் அரை விட்டம். சைன் மதிப்பு 1/2, கோணம் 30 டிகிரி. எதிர்ப் பந்து அந்தக் கோணத்தில் போகும். கணக்கு ஒரு வரிதான். அதை ஒரே மாதிரி ஆயிரம் தடவை அடிக்கத்தான் பத்து வருஷம் ஆகும்.

நம்ம கதைக்கு முக்கியமான வித்தியாசம் ஒண்ணு இருக்கு. பூலில் ஒரு ரேக் தோற்றால் அடுத்த ரேக் புதுசு. ஸ்னூக்கரில் ஒரு ஃப்ரேமில் எவ்வளவு மோசமா தோற்றாலும் அது ஒரு ஃப்ரேம்தான். ஒவ்வொரு செமஸ்டர் ஜிபிஏ மாதிரி. ஆனா மணிக்கணக்கில் நேரம் வைத்து ஆடும் பில்லியர்ட்ஸ், சிஜிபிஏ மாதிரி. காலையில் விட்ட 300 புள்ளி சாயங்காலமும் உங்க கூடவே நிற்கும். அழிச்சிட்டு மறுபடி ஆரம்பிக்க வழி இல்லை. எதிராளி ஆடுற ஒவ்வொரு நிமிஷமும் உங்க நேரமும் சேர்ந்தே கரையும். அதே சமயம், உங்களுக்கு வாய்ப்பு வரும்போது ஒரே பிரேக்கில் அத்தனையையும் எடுத்துடவும் முடியும்.

இந்த ஆட்டத்தில்தான் நம்ம ஆள் வந்தார்.

புனேயிலிருந்து

வில்சன் லயனல் கார்ட்டன்-ஜோன்ஸ். 1922 மே 2 அன்று புனேயில் ஓர் ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்தில் பிறந்தார்.

அந்தக் காலத்தில் பில்லியர்ட்ஸ் டேபிள் எங்கே இருந்தது என்பதை யோசிச்சுப் பாருங்க. இன்னிக்குப் பூந்தமல்லி ரோடு பக்கம் ஒரு கடை மாடியில, மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து நீங்களும் நானும் ஆடலாம். அப்போது டேபிள் இருந்தது கிளப்களிலும், ராணுவ மெஸ்களிலும், அரண்மனைகளிலும், பெரிய ஓட்டல்களிலும். ஸ்னூக்கரே அப்படிப் பிறந்ததுதான். 1875 வாக்கில் ஜபல்பூரில் இருந்த நெவில் சேம்பர்லைன் என்ற ராணுவ அதிகாரி, மழைக்காலத்தில் பொழுது போகாமல் உருவாக்கிய ஆட்டம் அது. பிறகு அவர் நம்ம ஊட்டிக்கு வந்தபோது, அங்குள்ள கிளப்பில்தான் அதன் விதிகள் எழுதி மாட்டப்பட்டன. இன்னொரு வேடிக்கை: ஸ்னூக்கர் என்பது அன்றைக்கு ராணுவக் கல்லூரியில் முதலாம் ஆண்டு மாணவர்களைக் கிண்டலாகக் கூப்பிடும் பெயர். நம்ம ஃப்ரெஷர் மாதிரி. ஆடத் தெரியாமல் ஒரு பந்தைத் தவறவிட்டவரை அப்படிக் கிண்டல் பண்ணப்போய், ஆட்டத்துக்கே அது பெயராச்சு.

வெள்ளைக்காரர்கள் தங்கள் பொழுதுபோக்குக்குக் கொண்டுவந்த அந்தப் பச்சை மேசையில், சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய பெயரானார் ஜோன்ஸ். 1948-இல் தேசிய ஸ்னூக்கர் பட்டம். 1950-இல், அதுவரை தேசிய பில்லியர்ட்ஸ் சாம்பியனாக இருந்த டி.ஏ. செல்வராஜைத் தோற்கடித்து பில்லியர்ட்ஸ் பட்டமும் அவர் கைக்கு வந்தது. அதிலிருந்து 1966 வரை 12 முறை பில்லியர்ட்ஸிலும், மொத்தம் 5 முறை ஸ்னூக்கரிலும் தேசிய சாம்பியன்.

இந்த எண்ணை வேகமாகப் படிச்சுட்டுப் போயிடாதீங்க. 1950 முதல் 1966 வரை 17 ஆண்டுகள். அதில் 12 பட்டம். அப்படின்னா இடையில் பட்டம் அவர் கையைவிட்டுப் போயிருக்கு, மறுபடி வந்திருக்கு. சந்திரா ஹிர்ஜி மாதிரி கெட்டியான போட்டியாளர்கள் அவர் காலத்தில் இருந்தாங்க. தொடர்ந்து ஜெயிச்சுக்கிட்டே இருந்தவர் இல்லை அவர். இழந்ததைத் திரும்பத் திரும்ப எடுத்தவர்.

ஊர்ல சிங்கம்

உள்ளூரில் இவ்வளவு பெரிய ஆள், வெளியே போனதும் என்ன ஆனார்?

உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டி 1926-இல் தொடங்கியது. அப்போது அது பிரிட்டிஷ் பேரரசுக்கு உட்பட்ட நாடுகளின் போட்டி. 1938-க்குப் பிறகு யுத்தத்தால் நின்றுபோய், 13 ஆண்டு கழித்து 1951-இல் லண்டனில் மறுபடி நடந்தது. ஜோன்ஸ் போனார். பட்டம் ஆஸ்திரேலியாவின் பாப் மார்ஷலுக்கு. 1952-இல் அதே போட்டி நம்ம நாட்டுக்கே, கல்கத்தாவுக்கு வந்தது. பட்டம் இங்கிலாந்தின் லெஸ்லி டிரிஃபீல்டுக்கு. 1954-இல் சிட்னியில். பட்டம் இன்னொரு ஆஸ்திரேலியர் டாம் கிளியரிக்கு.

மூணு உலகப் போட்டி. மூணு வேறு வேறு சாம்பியன்கள். அதில் நம்ம தேசிய சாம்பியன் பெயர் இல்லை.

இந்த நிலைமை உங்களில் பல பேருக்குத் தெரியும். ஸ்கூலில் ஃபர்ஸ்ட் ரேங்க். ப்ளஸ் டூவில் கணக்கில் சென்டம். காலேஜ் வந்து முதல் செமஸ்டர் ரிசல்ட் பார்த்தால், நம்மளை மாதிரி 60 ஃபர்ஸ்ட் ரேங்க் ஒரே கிளாஸில் உட்கார்ந்திருக்கு. அதுவரை நாம நம்மளைப் பத்தி நினைச்சுக்கிட்டிருந்தது ஒரு நாள்ல காலி. அந்த நாளுக்கு அப்புறம் ரெண்டு வழி இருக்கு. ஊர்ல சிங்கமாவே இருந்துடலாம். அதுலயும் ஒண்ணும் கெட்டுப்போகாது. அல்லது மறுபடியும் தோற்கிறதுக்குத் தயாரா வெளியே போகலாம்.

ஜோன்ஸ் நினைச்சிருந்தா முதல் வழியில நின்றிருக்கலாம். தேசிய சாம்பியன் என்ற பெயரே அவருக்குப் போதுமானதா இருந்திருக்கும். இது அமெச்சூர் ஆட்டம். ஹாங்காங் மாதிரி ஜெயிச்சா 1 லட்சம் டாலர் என்ற பேச்சே இல்லை. டிவி இல்லை. ஆனாலும் அவர் ரெண்டாவது வழியைத்தான் எடுத்தார்.

சிட்னிக்கு அப்புறம் அடுத்த உலகப் போட்டி நடக்க நாலு வருஷம் ஆச்சு. நாற்காலியில் உட்கார்றதுன்னு சொன்னேனே, அதில் இதுதான் நீளமான பகுதி. ஒரு மேட்சில் எதிராளி தவறும்வரை காத்திருக்கணும், அது சில நிமிஷமோ சில மணி நேரமோ. இங்கே அடுத்த வாய்ப்பு எப்போ என்று தெரியாமல், உள்ளூர்ப் போட்டிகளை ஆடிக்கொண்டு, அதே ஹாஃப்-பாலை மறுபடி மறுபடி அடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் இருக்கணும். பார்க்க ஆள் இருக்காது. ஸ்கோர்போர்டில் எதுவும் ஏறாது.

1958, கல்கத்தா

நாலு வருஷம் கழித்து போட்டி மறுபடியும் கல்கத்தாவுக்கு வந்தது. இடம், கிரேட் ஈஸ்டர்ன் ஓட்டல். டிரிஃபீல்டும் வந்திருந்தார். ஆறு வருஷத்துக்கு முன் இதே ஊரில் உலகப் பட்டம் வாங்கிய அதே ஆள். நாக்-அவுட் கிடையாது. லீக் முறை. ஒருத்தரோட அதிர்ஷ்டமில்லாத நாளை வைத்து ஜெயிச்சுட முடியாது. எல்லாரோடும் ஆடணும், ஒவ்வொரு ஆட்டமும் மணிக்கணக்கில்.

கடைசியில் ஜோன்ஸ் முதலிடம், டிரிஃபீல்டு இரண்டாமிடம். ஜோன்ஸுக்கு அப்போது வயது 36.

அன்றைய இந்தியாவின் விளையாட்டுக் கணக்கை வைத்துப் பார்த்தால்தான் இது என்ன என்று புரியும். ஹாக்கியில் 1948, 1952, 1956 என்று சுதந்திரத்துக்குப் பின் மூணு ஒலிம்பிக் தங்கம். அது அணி. மல்யுத்தத்தில் கே.டி. ஜாதவ் 1952 ஒலிம்பிக்கில் வாங்கிய வெண்கலம். 1958-இல்தான் மில்கா சிங் காமன்வெல்த் போட்டியில் 440 கஜ ஓட்டத்தில் தங்கம் வாங்கினார். ஒரு தனி மனிதர், ஓர் உலகப் போட்டியில், முதல் இடம் என்பது அதுவரை நமக்கு இல்லாத ஒன்று. அது ஒரு பச்சை மேசையில் வந்தது.

சினிமாவாக இருந்தால் இங்கே இடைவேளைகூட விடமாட்டாங்க, நேரா சுபம் போட்டுடுவாங்க. ஆனா எனக்கு இதுக்கு அப்புறம் நடந்ததுதான் பெரிசாத் தெரியுது.

மறுபடியும் கீழே

1960-இல் எடின்பரோவில் நடந்த போட்டியில் உலகப் பட்டம் இங்கிலாந்தின் ஹெர்பர்ட் பீதமுக்குப் போனது. 1962-இல் பெர்த் நகரில் பாப் மார்ஷல் ஜெயித்தார். 1951-இல் லண்டனில் பட்டம் வாங்கிய அதே மார்ஷல். இப்போது அவருக்கு வயது 52, இது அவருடைய நாலாவது உலகப் பட்டம். இரண்டாமிடம் ஜோன்ஸுக்கு.

யோசிச்சுப் பாருங்க. முதல் உலகப் போட்டியில் பட்டம் வாங்கிப் போனவரே 11 வருஷம் கழித்தும் வந்து உங்களை இரண்டாமிடத்தில் உட்கார வைக்கிறார். உங்களுக்கு வயது 40. உங்களிடம் ஏற்கனவே ஓர் உலகப் பட்டம் இருக்கு, சரித்திரத்தில் பெயர் வந்தாச்சு. இனிமேல் எதுக்கு என்று யாராவது கேட்டால் பதில் சொல்றது கஷ்டம். தோற்றவன் திரும்பி வந்தால் அதில் ஒரு வெறி இருக்கும், நமக்குப் புரியும். ஜெயிச்சவன் மறுபடி தோற்று, அதுக்கப்புறமும் வர்றதுக்கு என்ன வேணும்?

1964-இல் நியூசிலாந்தின் புக்கேகோஹே என்ற சின்ன ஊரில் போட்டி. இந்தியாவிலிருந்து ஜோன்ஸும், முதல் தடவையாக உலகப் போட்டிக்கு வந்த மைக்கேல் ஃபெரேராவும். ஜோன்ஸ் முதலிடம். இரண்டாமிடம் இங்கிலாந்தின் ஜாக் கார்னம். இரண்டாவது உலகப் பட்டம். வயது 42.

நம்ம பக்கத்துக் கணக்கில் சொன்னால், அம்பத்தூர் தொழிற்பேட்டை தொடங்கப்பட்ட வருஷம் அது. ஆவடி தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வருவதற்கு முந்தின வருஷம். நாம இன்னிக்கு இன்-பிளான்ட் டிரெய்னிங்குக்குப் போற ஷெட்டுகளுக்கு அஸ்திவாரம் தோண்டிக்கிட்டு இருந்த காலத்தில், உலகத்தின் இன்னொரு மூலையில் ஒரு இந்தியர் தான் இழந்த பட்டத்தை ஆறு வருஷம் கழித்துத் திரும்ப எடுத்துக்கிட்டு இருந்தார்.

மேசையை விட்ட பிறகு

அர்ஜுனா விருது ஏற்கனவே வந்திருந்தது. 1965-இல் பத்மஸ்ரீ. 1966-இல் 44 வயதில் கடைசி தேசியப் பட்டம். அதோடு போட்டி ஆட்டத்தை நிறுத்திக்கொண்டு, பிறருக்குச் சொல்லிக்கொடுக்கப் போனார். 1996-இல், சிறந்த பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சார்யா விருது அவருக்குக் கிடைத்தது. எங்க ரூமில் நாங்கள் பார்த்த அந்த ஹாங்காங் மேட்ச் நடந்த அதே வருஷம்.

அவருக்குப் பிறகு கதவு மூடிப்போகவில்லை. புக்கேகோஹேக்கு அவரோடு போன ஃபெரேரா, 1969-லும் 1971-லும் 1975-லும் உலகப் போட்டியில் இரண்டாமிடம் வந்து, 1977-இல் பட்டம் வாங்கினார். பிறகு 1981, 1983 என்று இன்னும் இரண்டு. முதல் உலகப் போட்டிக்கும் முதல் பட்டத்துக்கும் நடுவில் 13 வருஷம். 1973-இல் பம்பாயில் நடந்த போட்டியில் பக்கத்து நாடான இலங்கையின் எம்.ஜே.எம். லஃபீர் ஜெயித்து, தன் நாட்டுக்கு முதல் உலகப் பட்டத்தைக் கொடுத்தார். 1984-இல் ஓம் அகர்வால் டப்ளினில் உலக அமெச்சூர் ஸ்னூக்கர் சாம்பியன். 1985-இல் கீத் சேத்தி. 2005-இல் மால்டாவில் பங்கஜ் அத்வானி, புள்ளிக் கணக்கு ஆட்டம், நேரக் கணக்கு ஆட்டம் ரெண்டிலும் ஒரே வருஷத்தில் பட்டம்.

அத்வானியின் அந்த வெற்றியைப் பார்க்க ஜோன்ஸ் இல்லை. 2003 அக்டோபர் 5 அன்று மும்பையில் காலமானார். வயது 81. மும்பையின் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் பில்லியர்ட்ஸ் கூடத்துக்கு அவர் பெயர் இருக்கு.

எங்க சண்டைக்குத் திரும்பினால்

அந்த ராத்திரி எங்க ரூமில் நடந்த சண்டையில் எல்லாரும் ஒரு விஷயத்தை ஒத்துக்கிட்டே பேசிக்கிட்டு இருந்தோம். கம்பேக் என்பது மேசையில் நடக்கும் விஷயம் என்று. 17 ரேக் பின்னால் இருந்தார், முன்னால் வந்தார். 0–8 இருந்தது, 18–17 ஆனது. ஸ்கோர்போர்டைப் பார்த்தாலே புரிஞ்சுடும். ரசிகர்களுக்கு அது போதும், சந்தோஷமாவும் இருக்கும்.

ஜோன்ஸின் வாழ்க்கையைப் படிச்ச பிறகு எனக்கு வேற மாதிரித் தோணுது. மேசையில் தெரியறது கம்பேக்கின் கடைசிப் பாதி. முதல் பாதி நாற்காலியில் நடக்குது. எதிராளி ஆடும்போது மனசு உடையாம இருக்கணும், வாய்ப்பு வந்து எழுந்து நிற்கும்போது கை நடுங்காம இருக்கணும். ரேயஸும் டெய்லரும் இதைச் சில நாள், சில மணி நேரம் செஞ்சாங்க. ஜோன்ஸ் இதை 1951-இலிருந்து 1958 வரை ஒரு தடவை, 1958-இலிருந்து 1964 வரை இன்னொரு தடவை செஞ்சார். ஒரே மேட்சாகப் பார்த்தால் 13 வருஷ மேட்ச்.

இதில் ஒரு நியாயமான கேள்வி வரும். காத்திருந்தா எல்லாருக்கும் டர்ன் வருமா? வராது. அதையும் சொல்லணும். எதிராளி தவறவே இல்லைன்னா, நாற்காலியில் இருந்தே மேட்ச் முடிஞ்சுபோகும். ஜோன்ஸ் அளவுக்குப் பொறுமையாக் காத்திருந்து, கடைசிவரை பட்டமே கிடைக்காதவங்க எத்தனையோ பேர் இருந்திருப்பாங்க. அவங்க பெயர் நமக்குத் தெரியாது. அன்னிக்கு ஒரு டேபிள் பக்கத்துலயே போக முடியாமல் போனவங்க அவங்களைவிட அதிகம். அதனால, காத்திரு, ஜெயிப்பே என்று நான் உங்களுக்குப் போஸ்டர் ஒட்ட வரலை. எனக்கே எம்-3 அரியர் மூணாவது தடவையாப் போயிக்கிட்டு இருக்கு, எனக்கு அந்த யோக்கியதை இல்லை.

சொல்ல வந்தது சின்ன விஷயம்தான். டர்ன் வருமா வராதா என்பது நம்ம கையில் இல்லை. வரும்போது நாம எப்படி இருக்கோம் என்பது கொஞ்சம் நம்ம கையில் இருக்கு. 1958-இல் போட்டி கல்கத்தாவுக்கு வந்தது ஜோன்ஸ் செஞ்ச காரியம் இல்லை. வந்தபோது அவர் ஆட்டம் தயாரா இருந்தது மட்டும்தான் அவர் செஞ்சது. அந்தத் தயாரிப்பு நடந்த வருஷங்களைப் பத்தி யாரும் எழுதலை, ஏன்னா எழுத ஒண்ணுமே இல்லை. ஒரு மனுஷன், ஒரு மேசை, மூணு பந்து.

அடுத்த தடவை பூந்தமல்லி ரோடு மாடியில் மணிக்குக் காசு கட்டி ஆடும்போது, உங்க நண்பர் வரிசையா போட்டுக்கிட்டே இருந்தா, ஃபோனை எடுத்துப் பார்க்காம ஒரு தடவை சும்மா உட்கார்ந்து பாருங்க. டேபிளைப் பாருங்க. பந்து எங்கே நிற்குது, அவர் தவறினால் உங்களுக்கு எது கிடைக்கும் என்று பாருங்க. ரொம்பக் கஷ்டமா இருக்கும். ரெண்டு நிமிஷத்துக்கு மேல என்னால முடியலை.

அந்த ரெண்டு நிமிஷத்துல ஜோன்ஸ் எவ்வளவு பெரிய ஆள் என்று உங்களுக்கே தெரிஞ்சுடும்.